ஐந்து இரவு பாடி ஏழாம் இடம்

1950-களின் நடுவில் ரோனி ட்ரூ என்ற அயர்லாந்து இளைஞர் ஸ்பெயினுக்குப் போனார். அங்கிருந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ஸ்பானிய மொழியையும் ஃபிளமெங்கோ கிட்டாரையும் கற்றுக்கொண்டார். டப்ளினுக்குத் திரும்பியபோது விரல்களில் ஸ்பெயின் வாசிப்பு இருந்தது. தொண்டையிலோ ஜல்லி இயந்திரம் ஓடுவது போன்ற குரல். அந்தக் குரலுக்கு மேடை கிடைக்குமா என்பதே சந்தேகம். அதே ஊரில் இன்னொரு இளைஞரோ மேடைக்குப் போகும் வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்.

அவர் பார்னி மெக்கென்னா. சின்ன வயதில் அவருக்கு மாண்டலின் மேல் கொள்ளை ஆசை. வாங்கக் காசில்லை. கைக்குக் கிடைத்தது பாஞ்சோ. அதையே வாசிக்கத் தொடங்கினார். வாசிப்பு கைவந்ததும் ராணுவ வாத்தியக் குழுவில் சேர முயன்றார். கண்பார்வை போதாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று தேறியிருந்தால் சீருடை மாட்டிக்கொண்டு அணிவகுப்புகளில் வாசித்திருப்பார். தேறாத பார்னி, ரோனியோடு சேர்ந்துகொண்டு, மெரியன் ரோ தெருவிலிருந்த ஓடோனஹூ பப்புக்குள் பாஞ்சோவுடன் நுழைந்தார்.

அந்தக் காலத்து டப்ளினில் பல பப்காரர்களுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. வந்தோமா, குடித்தோமா, போனோமா என்று இருக்கவேண்டும். ஓடோனஹூவில் மட்டும் இசைக்கு இடம் கிடைத்தது. அங்கே மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் லூக் கெல்லி. இங்கிலாந்தில் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். கூலி உயர்வு கேட்டதால் வேலை போனது. நாட்டுப்பாடல் மன்றங்களில் பாடிப் பழகித் திரும்பியிருந்தார். நான்காவது ஆள் கியாரன் பர்க். தகரக் குழல் வாசிப்பார், ஐரிஷ் மொழியில் பாடுவார். 1962-இல் நால்வரும் ஒரு குழுவானார்கள். பெயர்: ரோனி ட்ரூ பாலட் குரூப். அந்தப் பெயரைப் பிடிக்காத ஒரே ஒருவர் இருந்தாலே போதும், பெயர் நிலைக்காது. பிடிக்காதவர் ரோனி ட்ரூ!

வேறு பெயர் யோசிக்கவேண்டிய அந்த நேரத்தில் லூக் கெல்லி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். 1914-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் சிறுகதைத் தொகுப்பு. அட்டையிலிருந்த தலைப்பே குழுவின் பெயராகிவிட்டது. 'த டப்ளினர்ஸ்' பிறந்தது அப்படித்தான். பெயர் கொடுத்த லூக், 1964-இல் குழுவை விட்டு மறுபடி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இடத்தை நிரப்ப இருவர் வந்தார்கள். அவர்களில் ஒருவர், முறையாக வயலின் கற்ற ஜான் ஷீஹன். மறு ஆண்டே லூக் திரும்பி வந்தார், புதிதாக வந்த இருவரில் ஷீஹன் மட்டும் தங்கிவிட்டார். ஐவர் குழு தயார். ஐந்து பேருக்கும் தாடி. இனி ஒரு வெற்றிப் பாட்டுதான் பாக்கி.

பாட்டு அயர்லாந்தின் கானமாரா பகுதியிலிருந்து வந்தது. ஜோ ஹீனி என்ற பெரும் நாட்டுப்பாடகரிடமிருந்து ரோனி கற்றுக்கொண்ட பழம்பாடல்: 'செவன் டிரங்கன் நைட்ஸ்'. தினமும் போதையில் வீடு திரும்பும் கணவன் கண்ணில் வாசலில் வேறொருவன் குதிரை படும். மறுநாள் வேறொருவன் கோட்டு. ஒவ்வொன்றுக்கும் மனைவி கூசாமல் ஒரு விளக்கம் வைத்திருப்பாள். தலைப்பு ஏழு இரவு என்றாலும், கடைசி இரண்டு இரவுகள் சபையில் பாட முடியாத அளவுக்குப் பச்சை. எனவே ஐந்து இரவுகளோடு நிறுத்திக்கொண்டு 1967-இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அந்த அடக்கமும் போதவில்லை. அயர்லாந்தின் தேசிய ஒலிபரப்பான ஆர்டிஇ பாட்டைத் தடை செய்தது.

தடை நிலத்தில்தானே செல்லும்? பிரிட்டனைச் சுற்றியிருந்த கடலில், சட்டத்தின் கை எட்டாத தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களிலிருந்து ரேடியோ கரோலைன் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. டப்ளினர்ஸின் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஃபில் சாலமன் அந்தக் கடற்கொள்ளை வானொலியிலும் ஒரு இயக்குநர். நல்லவர்கள் வீட்டு வானொலியில் ஒலிக்கக்கூடாத பாட்டு, அலைகளுக்கு மேலிருந்து நாளெல்லாம் ஒலித்தது. பிரிட்டிஷ் தரவரிசையில் மளமளவென்று ஏறியது. ஏழு இரவில் ஐந்தை மட்டும் பாடிய பாட்டு போய் நின்ற இடம், 7. பாப் நட்சத்திரங்கள் மின்னும் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி மேடையில், பப்பிலிருந்து எழுந்து வந்தவர்களைப் போல ஐந்து தாடிக்காரர்கள் நின்றார்கள். 1967 ஆகஸ்டில் பிரிட்டன் புதுச் சட்டம் போட்டுக் கடல் வானொலிகளை முடக்கப் பார்த்தது. அதற்குள் டப்ளினர்ஸ் கரையேறிவிட்டார்கள். ஆனால் அடுத்த அடிகள் சட்டத்திலிருந்து வரவில்லை.

1974-இல் கியாரன் பர்க் மூளை இரத்தக்கசிவால் சரிந்தார். பழையபடி மேடையேற முடியவில்லை. அதே ஆண்டு ரோனி விலகினார், ஐந்தாண்டு கழித்துத்தான் திரும்பினார். 1984-இல் லூக் கெல்லி 43 வயதில் இறந்தார். குழு முடிந்தது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. 1987-இல், மகன் வயதுடைய பங்க் இசைக்காரர்களான 'த போக்ஸ்' குழு அவர்களோடு சேர்ந்து 'த ஐரிஷ் ரோவர்' பாடியது. பிரிட்டனில் எட்டாம் இடம்! இருபது ஆண்டில் ஒரே ஒரு படி இறக்கம். குழுவின் வெள்ளி விழாவுக்கு ஒரு தொலைக்காட்சி தன் புகழ்பெற்ற 'லேட் லேட் ஷோ'வையே காணிக்கையாக்கியது. யூ2 குழுவும் வந்து பாடிய அந்த விழாவை நடத்தியது, பாட்டைத் தடை செய்த அதே ஆர்டிஇ.

2012 ஏப்ரலில், குழுவின் ஐம்பதாம் ஆண்டில், தொடக்க நால்வரில் எஞ்சியிருந்த பார்னியும் மறைந்தார். ஒப்புக்கொண்ட கச்சேரிகளை முடித்துவிட்டு, ஆண்டு இறுதியில் டப்ளினர்ஸ் என்ற பெயருக்கு மற்றவர்கள் ஓய்வு கொடுத்தார்கள். அப்போதும் பார்னி விட்டுச்சென்ற ஒன்று ஓயவில்லை. ஜாஸ், நடனக் குழுக்களுக்காக உருவான டெனர் பாஞ்சோவின் நான்கு தந்திகளுக்கு வழக்கமான சுருதி சி, ஜி, டி, ஏ. பார்னி அதை ஜி, டி, ஏ, ஈ என்று மாற்றிக் கூட்டினார். வயலினுக்கும் மாண்டலினுக்கும் உள்ள அதே வரிசை, ஒரு ஸ்தாயி கீழே. வயலினில் தலைமுறைகளாக வாசித்துவந்த ஐரிஷ் நடன மெட்டுகள் அத்தனையும், விரல் வைப்பு மாறாமல் பாஞ்சோவுக்கு வந்துவிட்டன. மேடையில் ஷீஹனின் வயலினும் பார்னியின் பாஞ்சோவும் ஒரே மெட்டில் ஓடியபோது, இளைஞர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பாஞ்சோவையும் அப்படியே கூட்டினார்கள். ஐரிஷ் இசையில் டெனர் பாஞ்சோ என்றால் இன்று அந்தச் சுருதிதான். மாண்டலின் வாங்கக் காசில்லாத சிறுவன், ஒரு நாட்டின் பாஞ்சோக்களையெல்லாம் மாண்டலின் போலப் பேச வைத்துவிட்டான்.