எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது? புதுக்கோட்டை ராஜ வீதிகள்: ஒரு மறுவாசிப்பு

1812ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் புதுக்கோட்டை நகரம் மீளக் கட்டப்பட்டதை ஆங்கிலேய நகரமைப்பின் வெற்றியாகக் காணும் போக்கு ஆய்வில் நிலைபெற்றுவிட்டது. தஞ்சை ரெசிடெண்ட் மேஜர் பிளாக்பர்ன் ஆலோசனை சொன்னார். விஜயரகுநாதராயத் தொண்டைமான் ஆட்சியில் வீதிகள் அகலமாகவும் நேராகவும் அமைந்தன. சமஸ்தான வரலாறுகள் தரும் இச்செய்தியை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து, நகரத்தின் வடிவமே பிளாக்பர்னுடையது என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

இங்கே முதன்மைச் சான்று ஆவணக் காப்பகத்தில் இல்லை, தெருமுனையில் இருக்கிறது. பழைய அரண்மனை இருந்த பகுதியைச் சூழ்ந்து கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என நான்கு செல்கின்றன. அவற்றுக்கு வெளியே கீழ 2ஆம் வீதி, மேல 2ஆம் வீதி, கீழ 3ஆம் வீதி, தெற்கு 4ஆம் வீதி என எண்கள் ஏறுகின்றன. ராஜ வீதியே முதலாவதாகக் கொள்ளப்பட்டதால் எண்ணிக்கை இரண்டில் தொடங்குகிறது. வெறும் கட்டப் பின்னலாக வகுத்த ஊரில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு எண்ணிச் செல்வதே இயல்பு. இங்கோ எண்கள் நான்கு திசையிலும் நடுவிலிருந்து வெளியே விரிகின்றன. வீட்டு முகவரி ஒவ்வொன்றும் அரசனிடமிருந்து எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லிவிடுகிறது.

இவ்வமைப்புக்கு மதுரை நெருங்கிய உறவு. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் கோயிலை அடுக்கடுக்காகச் சூழ்வதை அறியாதவர் இல்லை. ஆனால் மதுரையில் மீனாட்சி நடுவில் இருக்கிறாள். புதுக்கோட்டையின் பிரகதாம்பாள் இந்த வீதிச் சதுரங்களுக்கு வெளியே திருக்கோகர்ணத்தில் இருக்கிறாள். தொண்டைமான்கள் தம்மைப் பிரகதாம்பாள்தாசர் என்றே அழைத்துக்கொண்டனர். நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசு வழங்கினர். தேவியின் தாசன் நடுவில் அமர்ந்து, அவள் பெயரால் அங்கிருந்து கொடுத்தான். கோயில் நகரின் சட்டகத்தில் அரண்மனையை வைத்த இந்தத் துணிவு தஞ்சை ரெசிடெண்டின் மனத்தில் உதித்திருக்கும் என நம்ப எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை. தெருக்களின் அகலத்துக்கு அவருடைய ஆலோசனை காரணமாகலாம். தீ கூரைக்குக் கூரை தாவாதிருக்க அகலம் வேண்டும். அது வடிவத்தைத் தீர்மானிப்பதில்லை.

எண்ணிட்டது பிற்கால நகராட்சியின் வேலையாக இருக்கலாமே எனக் கேட்கலாம். இருக்கட்டும். எண்ணப்பட்ட சதுரங்கள் பிந்தியவை அல்ல. எண்ணியவர்களும் நடு எது என்பதில் குழம்பவில்லை.

1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி குளங்களைச் சீர்செய்தார், பொதுக் கட்டடங்கள் எழுப்பினார். நகரின் தோற்றம் அவரால் பொலிவுற்றது உண்மை. சதுரங்களை அவர் தொடவில்லை. அவற்றின் பொருளை மாற்றியது அரண்மனை இடம்பெயர்ந்ததே. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக இருக்கும் புதிய அரண்மனை இவ்வீதிகளுக்கு வெளியே எழுந்தது. நடு வெறுமையானதும் கடைகள் அதன் பெயரை வாங்கிக்கொண்டன: இன்று கீழ ராஜ வீதி என்றால் ஊராருக்கு நகைக்கடையும் துணிக்கடையும்தான். திட்டம் எதுவும் இதை முன்கூட்டி வகுக்கவில்லை. வணிகர்களின் உழைப்பும் கிராமத்து மக்களின் வருகையும் செய்தது இது.

நேரான வீதிகள் நகரமக்களை ஒழுங்குக்குப் பழக்கின என்பது அதே ஆய்வுப் போக்கின் இரண்டாவது வாதம். 1931இல் நகராட்சி வரி உயர்வை எதிர்த்து இதே ஊரில் எழுந்த மக்கள் சினம் பெருங்கலகமாக வெடித்து அரசு அலுவலகங்களைத் தாக்கியது. அப்போது வீதிகளின் அகலம் குறைந்துவிடவில்லை, கோணமும் மாறிவிடவில்லை. வீதியமைப்பே மக்களின் நடத்தையை வகுத்தது என எழுதுவோர் அந்த ஆண்டுக்கு முதலில் விளக்கம் தர வேண்டும்.