பார்க்காத போரின் வாரிசுகள்

ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தை எப்படி உச்சரிக்கிறாய் என்பதை வைத்து உன்னை அடிக்கலாமா, விடலாமா என்று முடிவு பண்ண முடியுமா? வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் முடிந்திருக்கிறது. 'ஹெய்ச்' என்றால் கத்தோலிக்கன். 'எய்ச்' என்றால் புராட்டஸ்டண்ட். ஒரு தரப்பு அயர்லாந்தோடு சேர நினைக்கிறது, மறுதரப்பு பிரிட்டனோடு இருக்க நினைக்கிறது. இரண்டுக்கும் ஒரே தோல் நிறம், ஒரே பேச்சு மொழி. முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஆகவே பெயர், பள்ளிச் சீருடை, தெரு என்று குறிகளைப் படிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது.

1969 ஆகஸ்ட் கலவரத்தில் வீடுகள் எரிந்தன. செப்டம்பரில் ஃபால்ஸ், ஷாங்கில் பகுதிகளுக்கு நடுவே ராணுவம் தடுப்பு எழுப்பியது. தற்காலிகம்தான் என்றார்கள். அடுத்த முப்பதாண்டுகளில் ஏறத்தாழ 3,500 பேர் செத்தார்கள். 1998இல் சமாதான ஒப்பந்தம் வந்தது. 2023க்குள் எல்லாச் சுவர்களையும் எடுத்துவிடுவதாக 2013இல் அரசு சொன்னது. எடுக்கவில்லை.

2021 ஏப்ரலில் லானார்க் வே சுவர்க்கதவின் இருபுறமிருந்தும் கல்லும் பெட்ரோல் குண்டும் பறந்தன. அந்த நாட்களின் கலவரங்களில் 12, 13 வயதுப் பிள்ளைகளும் இருந்ததாகக் காவல்துறை சொன்னது. ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். போரைக் கண்ணாலேயே பார்க்காதவர்களுக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? தாத்தா சொன்ன கதை என்பது வழக்கமான பதில். அது போதாது என்றே நினைக்கிறேன்.

ஹென்றி தாஜ்ஃபெல், நாஜிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்து யூதர். பிரிஸ்டல் நகரத்து 14, 15 வயதுப் பையன்களை வைத்து அவர் செய்த சோதனைகளின் முடிவு 1970இல் வெளிவந்தது. உனக்குப் பிடித்தது க்ளேயின் ஓவியம், அவனுக்குப் பிடித்தது காண்டின்ஸ்கியின் ஓவியம் என்று பெயருக்கு இரண்டாகப் பிரித்துச் சில்லறையைப் பங்கிடச் சொன்னார். பல பையன்கள் தங்கள் குழுவின் வரவு குறைந்தாலும், எதிர்க்குழுவைவிடத் தாங்கள் முந்தியிருப்பதையே விரும்பினார்கள். அங்கே பழங்கதையும் இல்லை, பகையும் இல்லை. கோடு மட்டும்தான் இருந்தது.

சோதனைக்கூடத்துக் கோடு சாயங்காலம் அழிந்துவிடும். பெல்ஃபாஸ்ட் கோட்டைக் குடியிருப்பும் பள்ளியும் தினமும் புதுப்பிக்கின்றன. இரு தரப்புப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்க லாகன் கல்லூரி என்ற பள்ளி 1981இல் 28 மாணவர்களோடு தொடங்கியது. இன்றும் இவ்வகைப் பள்ளிகளில் படிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 1989ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் 'பரஸ்பரப் புரிதல்' என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைப் படித்தது பிரிந்த பள்ளிகளில்தான். என்ன கூத்து!

இதற்குள் வெளியூர்க்காரன் வந்து சேர்கிறான். 2009 ஜூனில் தாக்கப்பட்ட ருமேனிய ரோமா குடும்பங்கள், நூறு பேருக்கு மேல், பெல்ஃபாஸ்ட் தேவாலயம் ஒன்றில் ஒண்டினார்கள். 2024 ஆகஸ்ட் 3இல் குடியேறியவர்களுக்கு எதிரான கூட்டத்தில் பிரிட்டிஷ் கொடியும், டப்ளினிலிருந்து வந்தவர்கள் தூக்கிய அயர்லாந்து மூவர்ணமும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. குடியேறியவர்களின் கடைகள் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் பிடிபட்டவர்களில் பதின்வயதினரும் உண்டு.

பழைய எதிரிகள் ஒன்று சேர்ந்தார்களே என்று இதைப் பார்த்து யாராவது சமாதானம் அடையலாம். அந்தக் கொடிகள் பிரிந்து போனபோது சுவர் அப்படியே இருந்தது. ஆளைக் குறிபார்த்துப் பிரிக்கும் பழைய பழக்கத்துக்குப் புதிய ஆள் கிடைத்திருக்கிறான், அவ்வளவுதான். இந்த முறை எழுத்தை உச்சரிக்கச் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. 'அந்நியன் மீது வெறுப்பு' என்று தனியாக ஒரு நோயைத் தேடி மருந்து கொடுப்பவர்கள், அந்தப் பிள்ளைகள் காலையில் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.