பொரி: ஒரு கொரியச் செல்லப்பெயரின் கதை

கொரியாவில் நாய்க்கும் பூனைக்கும் மிகப் பரவலாக வைக்கும் பெயர்களுள் ஒன்று ‘பொரி’. கூப்பிடும்போது ‘பொரியா’ என்பார்கள். ஈற்றிலுள்ள ‘யா’ விளியுருபு. உயிரில் முடியும் பெயருக்கு ‘யா’, மெய்யில் முடிந்தால் ‘ஆ’.

நம் காதில் இது அரிசிப்பொரியாக விழும். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு கொண்டாட முடியாது. கொரிய மொழியில் பொரி என்றால் பார்லி. சீனத்திலிருந்து வந்த ‘மெக்’ என்ற சொல்லும் அவர்களிடம் உண்டு. பீரை ‘மெக்ஜு’ என்பது அதனால்தான். ஆனால் வயலிலும் அடுப்படியிலும் புழங்குவது சொந்தச் சொல்லான பொரியே.

இன்னொரு பொரியும் இருக்கிறது. ‘போதி’ என்ற வடசொல் பௌத்தத்தோடு சீனம் வழியாகக் கொரியா சென்று ‘பொரி’ ஆயிற்று. போதிமரம் அங்கே ‘பொரிசு’, போதிதர்மர் ‘பொரிதல்மா’. அப்படியானால் நாய்க்குட்டியின் பெயர் ஞானமா, தானியமா? உடன் வழங்கும் பெயர்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். கோங்கி (பயறு), தூபு (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி), மந்து (பூரணம் வைத்து அவிக்கும் பண்டம்), ஹோது (அக்ரூட்), கம்ஜா (உருளைக்கிழங்கு) என எல்லாம் உணவுப்பொருள். இந்த வரிசையில் பொரி தானியமாகத்தான் இருக்க முடியும். வெள்ளை நாய்க்குத் தூபுவும் பழுப்பு நாய்க்குப் பொரியும் நிறத்தாலும் பொருந்துகின்றன.

உணவின் பெயரை வைத்தால் பிராணி நீண்டநாள் வாழும் என்பது அங்கே பலரும் சொல்லும் நம்பிக்கை. இதற்கு மூத்த வழக்கம் ஒன்றுண்டு. பிள்ளைகள் தங்காத காலத்தில், கெட்ட ஆவிகள் நெருங்காதிருக்கக் குழந்தையைக் ‘கெத்தொங்கி’, அதாவது நாய்ப்பீ, என்று அழைத்தார்கள். குப்பன், குப்பாயி என்று பெயரிட்ட நமக்கு இது புரியாததல்ல. எளிய பெயரே காப்பு என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

பார்லி எளியதிலும் எளியது. இலையுதிர்காலத்தில் விதைத்து, கோடை தொடங்கும்போது அறுப்பார்கள். குளிரில் மண் உறைந்து பொங்கினால் பயிரின் வேர் தூக்கிக்கொள்ளும். அது காய்ந்துபோகாமலிருக்க, குளிர்காலக் கடைசியில் குடும்பமாக வயலில் இறங்கி நாற்றுகளைக் காலால் மிதித்து அமுக்குவார்கள். போன ஆண்டு அரிசி தீர்ந்து, பார்லி இன்னும் முற்றாத அந்த வசந்தகாலப் பட்டினிக்குப் ‘பொரித்கோகே’ என்று பெயர். ‘கோகே’ என்பது ஏறிக் கடக்க வேண்டிய மலைக்கணவாய். நடுவில் தோன்றும் மெய், நமக்குப் பழக்கமான புணர்ச்சிதான்.

1960, 70களில் அரிசியை மிச்சப்படுத்தச் சோற்றில் பார்லி கலக்கச் சொன்னது தென்கொரிய அரசு. மாணவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஆசிரியர்கள் சோதித்தார்கள். 1972 முதல் அதிக விளைச்சல் தரும் ‘தோங்கில்’ என்ற நெல் வகை பரவியது. 1977இல் அரிசியில் நாடு தன்னிறைவு கண்டது. பொரித்கோகே பழங்கதையானது.

அகராதி பொரிக்குப் பார்லி, போதி என்று பொருள் தரும். சொல்லின் வாழ்வை எழுதுபவர் மூன்றாவதையும் சேர்க்க வேண்டும்: செல்லம். வறுமையின் தானியம் கொஞ்சும் பெயராகும் அளவுக்கு அங்கே வயிறு நிறைந்திருக்கிறது.