மியூனிக் ஒப்புமை

மியூனிக் ஒப்புமை என்பது, எதிரி நாட்டுடன் சமரசம் காண்பதை 1938-ஆம் ஆண்டு மியூனிக் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு எதிர்க்கும் அரசியல் வாதமுறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு நாடுகளின் அரசியலில் இந்த அளவுக்கு எடுத்தாளப்பட்ட வரலாற்று ஒப்புமைகள் மிகச் சிலவே.

1938 செப்டம்பர் 30 அதிகாலையில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் தலைவர்கள் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம், செக்கோஸ்லோவாக்கியாவின் சூடட்டன்லாந்தை ஹிட்லருக்குத் தாரைவார்த்தது. நிலத்தை இழந்த செக்கோஸ்லோவாக்கியாவைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கக்கூட இல்லை. அமைதி கொண்டுவந்தவராக லண்டன் திரும்பிய பிரதமர் நெவில் சேம்பர்லினை மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றனர். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. செப்டம்பரில் போலந்தைத் தாக்கியது. மியூனிக் என்ற ஊர்ப்பெயரே அதன்பின் வசைச்சொல் ஆனது.

1956-இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியபோது, பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடன் அவரிடம், மியூனிக்கில் கையெழுத்திட்ட இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியைக் கண்டார். நாசருக்கு ஐரோப்பாவைப் பிடிக்கும் படைபலமும் இல்லை, அப்படியொரு திட்டமும் இல்லை. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து எகிப்து மீது நடத்திய படையெடுப்பு, அமெரிக்காவின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நின்றது. 1957 ஜனவரியில் ஈடன் பதவி விலகினார். 1965-இல் வியட்நாம் போரை விரிவாக்கிய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனும் மியூனிக்கையே சான்று காட்டினார். 1954-இல் பிரான்ஸ் வியட்நாமில் தோற்ற கதைதான் பொருத்தமான பாடம் என்று அவரது அரசிலிருந்த ஜார்ஜ் பால் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை.

இந்த ஒப்புமையின் அழுத்தம் எத்தகையது என்பதை, கியூபாவில் சோவியத் ஒன்றியம் ஏவுகணைகளை நிறுவியதால் எழுந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி காட்டுகிறது. அக்டோபர் 19 அன்று விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே, கடல் முற்றுகை மட்டும் போதாது, அது ஏறக்குறைய மியூனிக்கைப் போன்ற சரணாகதி என்று அதிபர் கென்னடியின் முகத்துக்கு நேரே சொன்னார். கென்னடியின் தந்தை 1938-இல் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து சேம்பர்லினை ஆதரித்தவர். அந்தச் சொல் எங்கே தைக்கும் என்பது அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆயினும் கென்னடி முற்றுகையையே தேர்ந்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றவும் ரகசியமாக இசைந்தார். அணுப்போர் தவிர்ந்தது.

வரலாற்றாசிரியர் எர்னஸ்ட் மேயும் அரசியல் அறிஞர் ரிச்சர்ட் நியூஸ்டாட்டும் 1986-இல் வெளியிட்ட நூலில் எளிய வழியொன்றைப் பரிந்துரைத்தனர்: ஒப்புமையை நம்பி முடிவெடுக்கும் முன், ஒற்றுமைகளையும் வேற்றுமைகளையும் எழுதிப் பாருங்கள். ஈடன் அப்படி எழுதியிருந்தால் வேற்றுமைப் பட்டியலே நீண்டிருக்கும்.

எனினும் இந்த ஒப்புமை எப்போதும் பொய்க்கும் என்பதில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று, அதே மியூனிக் நகரில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில், ஆக்கிரமிப்பாளரைத் தாஜா செய்யும் கொள்கையை உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி கண்டித்தார். ஐந்தாம் நாள் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது.