ஹவுராவில் முடிவுற்ற இளம்பிள்ளை வாதம்

ஹவுரா என்ற பெயரைக் கேட்டதும் தமிழர் நினைவில் முதலில் எழுவது இரயில் நிலையமே. 1854ஆம் ஆண்டில் கிழக்கிந்திய இரயில்வேயின் முதல் வண்டி அங்கிருந்துதான் புறப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, சென்னையிலிருந்து மெயிலில் வந்திறங்கும் நம்மவர்க்கு அதுவே வங்காளத்தின் தலைவாசல். வெளியே வந்தால் ஹூக்ளி நதி. நதியின்மீது 1943இல் திறக்கப்பெற்ற பெரும் பாலம். பாலத்துக்கு அப்பால் கொல்கத்தா மாநகரம். ஆகவே ஹவுராவை ஒரு வழியாகவே கருதிக் கடந்து விடுவோர் பலர்.

ஆயினும், நம் நாட்டின் சுகாதார வரலாற்றைப் பேசுவோர் ஹவுராவை அவ்வாறு கடந்துவிட இயலாது. தலைமுறை தலைமுறையாக இந்தியக் குழந்தைகளை முடமாக்கி வந்த இளம்பிள்ளை வாதத்தின் இயற்கைக் கிருமி, கடைசியாகத் தாக்கியது ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றையே. பாஞ்ச்லா வட்டாரத்தில் 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அந்நோய் கண்டது. அதன் பின்னர் இயற்கைக் கிருமியால் அந்நோய் கண்ட குழந்தை இந்தியாவில் ஒன்றுமில்லை. இந்த முடிவு எவ்வாறு எய்தப்பட்டது, அதில் தமிழகத்தின் பங்கு யாது, வெளி மாநிலங்களில் வாழும் நாம் அதிலிருந்து கற்க வேண்டுவது யாது என்பவற்றைச் சிறிது நோக்குவோம்.

நோயைத் தடுக்கும் எண்ணம் வங்காளத்துக்குப் புதிதன்று. நாம் மாரியம்மனை வழிபடுவது போலவே, வங்காளத்தார் சீதளா தேவியை வழிபடுகின்றனர். பெயர் வேறாயினும் அச்சம் ஒன்றே, வேண்டுதலும் ஒன்றே. ஹவுரா நகரின் சால்கியாவில் மாகப் பௌர்ணமியன்று சீதளா தேவிக்கு நிகழும் நீராட்டு விழாவைக் கண்ட தமிழர், நம் ஊர் அம்மன் திருவிழாவை நினையாமல் இரார். ஆனால் வழிபாட்டோடு மட்டும் மக்கள் நின்றுவிடவில்லை. டிக்காதார் எனப்பட்டோர் ஊர் ஊராகச் சென்று, முன்னாண்டு அம்மைக் கொப்புளத்தினின்று எடுத்து வைத்த பொருளைக் குழந்தைகளின் தோலைக் கீறிச் செலுத்தினர். இம்முறையை ஹால்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1767இல் இலண்டன் மருத்துவர்களுக்கு விரிவாக எழுதினார். இன்றும் வங்காளிகள் தடுப்பூசியை ‘டிக்கா’ என்றே சொல்லுகின்றனர்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் இருந்தது. செலுத்தப்பட்டது உண்மையான பெரியம்மையே ஆதலின், அது பிறருக்கும் தொற்றக்கூடும். ஜென்னர் 1796இல் கண்ட பசு அம்மைக் குத்தல் இக்குறையை நீக்கியது. இந்தியாவில் முதன்முதல் அது 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் மும்பையில் 3 வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் குத்தப்பட்டது. கல்கத்தாவிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய முறை 1865இல் சட்டத்தால் விலக்கப்பட்டது. எனினும் நாட்டில் பெரியம்மை முற்றிலும் ஒழிய 1975 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மருந்து கிடைத்த நாளுக்கும் நோய் ஒழிந்த நாளுக்கும் இடையே 170 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. மருந்தைக் காண்பது ஒரு பணி. அதை ஒவ்வொரு குழந்தைக்கும் கொண்டு சேர்ப்பது அதனினும் பெரிய பணி. இதுவே பெரியம்மை கற்பித்த முதற் பாடம்.

இளம்பிள்ளை வாதம் பெரியம்மையினும் சூழ்ச்சி மிக்கது. பெரியம்மை முகத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். இதுவோ மறைந்து திரிவது. கிருமி புகுந்த குழந்தைகள் 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே கை கால் விளங்காமற் போகும். மற்றவர்கள் நலமாகவே ஓடியாடிக்கொண்டு, தம் மலத்தின் வழியே கிருமியை நீரிலும் நிலத்திலும் பரப்புவர். ஆகவே ஓரூரில் ஒரு குழந்தைக்கு வாதம் கண்டதெனில், அவ்வூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் வயிற்றில் கிருமி முன்னரே குடிபுகுந்துவிட்டது என்பது பொருள்.

இந்நோய்க்கான வாய்வழிச் சொட்டு மருந்து 1979இல் இந்தியாவின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்ந்தது. மேலை நாடுகளில் மூன்று முறை கொடுத்தால் போதும் என்று கண்டிருந்தனர். ஆனால் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய உடனாய்வாளர்களும் நம் குழந்தைகளை ஆராய்ந்தபோது, மூன்று முறை கொடுத்தும் பலருக்குக் காப்பு ஏற்படவில்லை என்பது தெரிய வந்தது. அப்படியாயின் செய்யத்தக்கது என்ன? ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனி நாளில் எதிர்பாராமல், ஊரிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் ஒரே காலத்தில், திரும்பத் திரும்ப மருந்தைக் கொடுத்தனர். நாடி துடிப்பது போல விட்டு விட்டு நிகழ்வதால் இதற்குப் ‘பல்ஸ்’ முறை என்று பெயர். இவ்வாறு வேலூர் நகரில் நோய் அடங்கிய வரலாற்றை 1983இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் அவர்கள் வெளியிட்டனர். பின்னர் நாடு முழுவதும் நடந்த பெரும் பணிக்கு முன்மாதிரிகளுள் ஒன்று பாலாற்றங்கரையில் உருவாயிற்று என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது.

உலகினின்றே இந்நோயை ஒழிப்பது என்று உலக சுகாதாரப் பேரவை 1988இல் உறுதி பூண்டது. தில்லியில் 1994ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று பல்ஸ் போலியோ நாள் நடந்தது. 1995 டிசம்பர் 9ஆம் நாள் நாடு முழுவதும் அது தொடங்கியது. அதன்பின் நிகழ்ந்தவற்றை நம்மில் பலர் கண்ணாற் கண்டவர்களே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்திலும் கோயில் வாயிலிலும் முகாம் அமைப்பர். மருந்து உண்ட குழந்தையின் இடக்கைச் சுண்டு விரலில் மை இடுவர். மறுநாள் முதல் வீடு வீடாக வந்து, மை இல்லாத விரலைத் தேடுவர். சுவரில் குறியிட்டுச் செல்வர். ஓடும் இரயிலிலும், நிலையத்து மேடையிலும், பேருந்து நிலையத்திலும் குளிர்ப்பெட்டியும் கையுமாய் நின்றிருப்பர். நாடு தழுவிய ஒரு சுற்றில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் மருந்தளித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெரிய சம்பளம் பெறாத எளிய பெண்மணிகள்.

எனினும் நோய் எளிதில் விடவில்லை. 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 குழந்தைகளுக்கு வாதம் கண்டது. உலகில் வேறெந்த நாட்டிலும் அவ்வாண்டு அத்தனை பேர் இல்லை. 2010 ஜனவரியில் இருவகைக் கிருமிகளுக்கும் பயன்படும் புதிய சொட்டு மருந்து வந்தது. அவ்வாண்டில் எண்ணிக்கை 42ஆகக் குறைந்தது. இந்த நம்பிக்கையோடு நாடு 2011இல் அடியெடுத்து வைத்தபோதுதான் ஹவுராவினின்று செய்தி வந்தது.

பாஞ்ச்லா ஜரிகைத் தையலுக்குப் பெயர் பெற்ற வட்டாரம். அங்குள்ள பல வீடுகளில் மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஆண்களும் பெண்களும் குனிந்தமர்ந்து பொன்னிழை வேலை செய்வதைக் காணலாம். நோய் கண்ட குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஹவுரா மாவட்டத்தின் மக்கள் தொகை அவ்வாண்டுக் கணக்கின்படி 48 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேர் நெருங்கி வாழும் இடத்தில் கிருமி பரவினால் என்னாகும் என்பதை உணர்ந்த அதிகாரிகள், உடனே சுற்றுப்புறங்களிலெல்லாம் சிறப்புச் சுற்றுகளை நடத்தினர். ஓராண்டு கழிந்தது, மற்றொரு குழந்தைக்கும் நோய் காணவில்லை. 2012 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நோய் நிலவும் நாடுகளின் பட்டியலினின்று நீக்கியது. மூன்றாண்டுகள் கடந்தபின், 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் இளம்பிள்ளை வாதமற்றது எனச் சான்று பெற்றது.

வெற்றியைக் கொண்டாடுவது முறையே. ஆனால் சொட்டு மருந்து ஒன்றுடன் குழந்தையின் காப்பு முடிந்துவிடுவதில்லை. காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான், வில்வாதம், தட்டம்மை ஆகியவற்றுக்கும் ஊசிகள் உள்ளன. ஒரு வயது நிறைந்து இரண்டாம் ஆண்டில் நடைபயிலும் குழந்தைகளுள் எத்தனை பேர் இந்த அடிப்படை மருந்துகளை முழுமையாகப் பெற்றனர் என்பதைத் தேசியக் குடும்பநலச் சுற்றாய்வு கணக்கெடுக்கிறது. மேற்கு வங்காளத்தில் 1992-93இல் இவர்கள் நூற்றுக்கு 34 பேரே. 2005-06இல் 64 பேர். 2015-16இல் 84 பேர். 2019-20இல் 88 பேர். ஒரு தலைமுறைக் காலத்தில் வங்காளம் ஏறிய படிகள் இவை.

தமிழ்நாட்டின் கதை வேறு. 2005-06இல் நூற்றுக்கு 81 பேர் என்று முன்னணியில் நின்ற நம் மாநிலம், 2015-16இல் 70க்கு இறங்கியது. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி இட்டபின் 4 குழந்தைகள் உயிரிழந்த துயர நிகழ்ச்சிக்குப் பிறகு, சிற்றூர்களிலேயே ஊசி போடும் வழக்கம் நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் முன்னிலையில் போடும் முறை வந்தது. அச்சமும் தொலைவும் சேர்ந்தால் தாய்மார் தயங்குவது இயல்பு. பின்னர் நிலை சீர்ப்பட்டு, 2019-21 சுற்றாய்வில் 89 ஆயிற்று. ஒருமுறை எய்திய உயரம் என்றும் நிலைக்கும் என்று எண்ணற்க என்பதே இதன் படிப்பினை.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நூற்றுக்கு 88 என்பது நல்ல எண்ணே. ஆனால் எஞ்சிய 12 குழந்தைகள் எங்கே இருக்கின்றனர்? அவர்கள் மாநிலமெங்கும் சீராகச் சிதறியிருப்பரேல் ஆபத்துக் குறைவு. பெரும்பாலும் அவ்வாறில்லை. செங்கற் சூளையிலும், கட்டட வேலையிடத்திலும், நெருக்கமான குடியிருப்புகளிலும், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களிலும் அவர்கள் திரண்டிருக்கின்றனர். பிறந்த ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருக்கும், குழந்தை இராது. வந்த ஊரில் குழந்தை இருக்கும், பெயர் இராது. இரு பதிவேடுகளுக்கும் இடையே விழுந்து மறையும் அக்குழந்தையைத்தான் கிருமி தேடிக் கண்டுபிடிக்கிறது.

இது நம்மைப் பற்றியதும் ஆகும். வேலை மாற்றலாகி வந்தவர், தொழிலுக்காகக் குடிபெயர்ந்தவர், பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்று கைக்குழந்தையோடு மெயிலேறித் திரும்பியவர் என நம்மிடையே எத்தனையோ பேர். பிறந்தவுடன் போட்ட ஊசி திருச்சியில். ஆறாம் வாரத்து ஊசி பயணத்தில் தவறியது. ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசியோ, “ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்வோம்” என்று ஒத்திவைக்கப்பட்டது. இப்படித்தான் பழுது நேர்கிறது. அன்பின் குறைவால் அன்று. ஊர் மாறிய காரணத்தால்.

இதைத் தவிர்ப்பது அரிதன்று. குழந்தையின் தாய் சேய் அட்டையைப் பயணச் சீட்டைப் போலப் பேணி உடன் கொண்டு வருதல் வேண்டும். அதில் தமிழில் எழுதியிருந்தாலும் மருந்தின் பெயரையும் தேதியையும் எந்த மாநிலத்துச் செவிலியும் கண்டுகொள்வார். அரசுத் திட்டத்தின் ஊசிகள் இந்தியாவில் எவ்வூரிலும் இலவசமே; மாநிலம் விட்டு வந்தவர் என்று எவரும் மறுக்க இயலாது. தவணை தவறிய குழந்தைக்கும், விட்ட இடத்தினின்று தொடர்ந்து போடலாம். பதினாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையே போட வேண்டிய ஊக்க ஊசியை மறத்தல் ஆகாது. பலர் மறப்பது அதையே.

பக்கத்து நாடுகளான பாக்கிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இளம்பிள்ளை வாதக் கிருமி இன்னும் முற்றிலும் அழியவில்லை. அதற்கு எல்லைச் சாவடி இல்லை; அனுமதிச் சீட்டும் வேண்டுவதில்லை. அதைத் தடுத்து நிறுத்துவது மருந்துண்ட குழந்தைகளின் வரிசை ஒன்றே. வேலூரில் தொடங்கிய அறிவு ஹவுராவில் வெற்றியாக முடிந்தது. இடையிலிருந்த ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை இணைத்தவர்கள் வீடுதோறும் வந்து கதவைத் தட்டிய பெண்மணிகளே. அவர்கள் மொழி நமக்குப் புரியாமல் இருக்கலாம். ஆயினும் அவர்கள் கதவைத் தட்டும்போது குழந்தையை எடுத்துக்கொண்டு முன்வருவோமாக.