வீட்டுப் பரிசோதகர் தொழில்

கட்டப்பெறும் வீட்டின் உறுதியையும் சட்டப் பொருத்தத்தையும் ஆராய்ந்து அத்தாட்சி அளிக்கும் தொழில். மேனாடுகளில் இது வீடு வாங்குவோர் அமர்த்தும் தனி நிபுணரின் ஜீவனோபாயமாக வளர்ந்திருக்க, வாழைச்சேனை போன்ற இலங்கைப் பிரதேசங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கடமைகளுள் ஒன்றாகவே நிலவுகின்றது.

வரலாறு: குடியேறுமுன் இணக்கச் சான்றிதழ் பெறும் நியதி 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தினின்றும் தோன்றியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நீண்ட யுத்தமும் கிழக்கில் எண்ணற்ற இல்லங்களை நாசமாக்கியபின், 2012 ஒக்டோபர் 2 அன்று வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆரம்பமான இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கட்டமானது அத்திவாரம், சுவர், கூரை எனப் படிப்படியாக வேலை நிறைவேறுவதைப் பார்த்தே உரிமையாளருக்குத் தவணைப்பணம் வழங்கியமையால், பரிசோதகரின் ஒப்பம் பெருமதிப்பெய்தியது.

பிரவேசம்: தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம், நிலஅளவை, கணியவளவியல் ஆகியவற்றைப் பயின்ற இளைஞர், அனுபவசாலியான உத்தியோகத்தரோடு தளங்களுக்குச் சென்று பழகுதல் உசிதம்.

பணி: தூக்குக்குண்டால் சுவரின் நேர்மையை அளந்து, பூச்சை விரற்கணுவால் தட்டி அதன் பொள்ளல் ஓசையைக் கேட்டு, அடிச்சுவரில் உவர் பூத்துள்ளதா என நோக்குவார். கழுவாத கடல்மணலின் உப்பு கொங்கிறீற்றினுள் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து வெடிப்பை விளைவிக்கும். வாழைச்சேனை 1978 நவம்பர்ச் சூறாவளியை அனுபவித்த மாவட்டத்தில் உள்ளதாதலின், கூரை சுவரோடு பிணைக்கப்பட்டுள்ள விதமும் விசேஷ கவனத்துக்குரியது.