விருப்பச் சார்பு (லினக்ஸ் பொதிகள்)

ஒரு மென்பொருள் இயங்கக் கட்டாயமில்லாத, இருந்தால் கூடுதல் வசதி தரும் செருகுநிரலை அதன் பொதியில் அறிவிக்கும் முறை விருப்பச் சார்பு. லினக்ஸ் வழங்கலான டெபியனில் கட்டாயச் சார்பு ‘டிபெண்ட்ஸ்’ எனப்படும். பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது ‘ரெகமண்ட்ஸ்’ புலத்திலும், சிலருக்கு மட்டும் உதவுவது ‘சஜஸ்ட்ஸ்’ புலத்திலும் இடம்பெறும். டெபியன் 5.0 (2009) முதல் அதன் நிறுவல் கருவியான ஆப்ட், ரெகமண்ட்ஸில் உள்ளவற்றையும் தானே நிறுவுகிறது. இடமும் இணையமும் குறைவாக உள்ளவர்கள் இதை நிறுத்திவைப்பதுண்டு.

சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் வழங்கப்பட்டதால், திருவரங்குளம் போன்ற ஊரக ஒன்றியங்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் இந்தப் பொதி முறை எட்டும் தொலைவுக்கு வந்தது.

எது கட்டாயம், எது விருப்பம் என்பதைப் பொதி அமைப்பவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானம் எப்போதும் நடுநிலையானதல்ல. எழுத்துணரி மென்பொருளான டெசராக்டின் டெபியன் பொதியில் ஆங்கிலத் தரவு கட்டாயச் சார்பு; தமிழ்த் தரவைத் தனியே கேட்டு நிறுவ வேண்டும். தட்டச்சு உள்ளீட்டுக் கருவியான ஐபஸில் தமிழ்99 விசைப்பலகையைத் தரும் எம்17என் செருகுநிரலும் தனிப் பொதிதான்.

எல்லா மொழிகளையும் முதன்மைப் பொதியே பரிந்துரைத்தால் வட்டு நிரம்பிவிடும். அதனால் அறிவிப்பைச் செருகுநிரலின் பக்கமே வைப்பது நல்ல வழி. டெபியனின் ‘என்ஹான்சஸ்’ இந்த வகைதான், ஆனால் ஆப்ட் அதைக் கண்டு எதையும் நிறுவுவதில்லை. ஃபெடோரா பயன்படுத்தும் பொதிக் கருவியான ஆர்பிஎம் 4.12 (2014) கொண்டுவந்த ‘சப்ளிமெண்ட்ஸ்’ ஒரு படி மேலே போனது. ஃபெடோரா 24 (2016) முதல், தமிழ் மொழிப்பொதியும் லிப்ரே ஆபிஸும் கணினியில் இருந்தால், லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகம் தானே வந்து சேரும். லிப்ரே ஆபிஸின் முதன்மைப் பொதியில் தமிழைப் பற்றி ஒரு வரியும் தேவையில்லை. சிறு மொழிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை எனலாம். மாறாக, ஆர்ச் லினக்ஸ் விருப்பச் சார்புகளைப் பட்டியலிட்டுக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சார்புகளைக் கருவிகளே கண்டறிய முடியாதா? நிரலோடு இணைத்த நூலகங்களை டெபியனின் கருவிகள் இருமக் கோப்பிலிருந்தே படித்துவிடும். செருகுநிரலோ நிரல் ஓடும்போது ‘டிஎல்ஓப்பன்’ அழைப்பால் ஏற்றப்படுவதால் அவற்றின் கண்ணில் படாது. மனிதர்தான் எழுத வேண்டும். 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் புகுத்தப்பட்ட பின்கதவு அம்பலமான பிறகு, சார்புகளைக் குறைப்பதும் வெளிப்படையாக வைப்பதும் கவனம் பெற்றன. லினக்ஸின் சேவைகளை மேலாளும் சிஸ்டம்டியின் அவ்வாண்டு வெளியான 256ஆம் பதிப்பு, இவ்வாறு ஏற்றப்படும் நூலகங்களின் பெயரையும் அவை எவ்வளவு அவசியம் என்பதையும் இருமக் கோப்பிலேயே குறிக்கத் தொடங்கியது.